பெற்றோரைப் பரிசோதிக்கச் சொல்லும் உத்தரவு: அமெரிக்கக் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளில் நடப்பது என்ன?

"தாய் உளவியல் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும், அதில் வரும் எல்லாப் பரிந்துரைகளையும் பின்பற்ற வேண்டும்." அமெரிக்காவில் ஒரு குழந்தையை அரசு வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பிறகு பிறப்பிக்கப்படும் உத்தரவுகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும். மேலோட்டமாகப் படித்தால் அக்கறையான வரியாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தாயை எதற்காகப் பரிசோதிக்க வேண்டும், அவரிடம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இன்னும் எழுதப்படாத ஓர் அறிக்கையில் யாரோ ஒருவர் சொல்லப்போவதை எல்லாம் செய்தாக வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. குழந்தை வீடு திரும்புமா என்பது பல வழக்குகளில் அந்த அறிக்கையைப் பொறுத்தே அமைகிறது.

இவ்வகை வழக்குகளை அங்கே டிபெண்டன்சி வழக்கு என்கிறார்கள். பெற்றோர் துன்புறுத்தினார்கள், கைவிட்டார்கள் அல்லது சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லி, குழந்தையை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைக்கக் கேட்கும் வழக்கு. இது கிரிமினல் வழக்கு ஆகாது. யாரையும் சிறையில் அடைப்பது இதன் நோக்கமும் இல்லை. ஆனால் கடைசியில் பெற்றோர் என்ற உரிமையே ரத்தாகிப் பிள்ளை வேறொருவருக்குத் தத்துப் போகலாம். பல பெற்றோருக்குச் சிறையைவிட அதுதான் பெரிய தண்டனை.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்கிறேன். பரிசோதனை உத்தரவுகளுக்கென்று அங்கே தெளிவான சட்டப் பிரிவும் (39.407) நடைமுறை விதியும் (8.250) இருக்கின்றன.

முதலில் காலக்கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பரிசோதனையின் அவசரமும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன. புகார் வருகிறது, விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருகிறார், ஆபத்து என்று பட்டால் குழந்தையை எடுத்துச் செல்கிறார். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் முதல் விசாரணை நடக்க வேண்டும். அதிலிருந்து 28 நாட்களுக்குள் பெற்றோர் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறார்களா மறுக்கிறார்களா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 30 நாட்களுக்குள் சாட்சி விசாரணை. அப்புறம் பெற்றோர் என்னென்ன செய்தால் பிள்ளை திரும்பும் என்று பட்டியலிடும் 'கேஸ் பிளான்' வரும். 12 மாதத்துக்குள் குழந்தையின் நிரந்தர ஏற்பாட்டை நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். இதற்கு மேல் 1997-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு: கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அரசுப் பராமரிப்பில் இருந்திருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை ரத்து செய்யும் மனுவை அரசு தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்க இரண்டு மாதம், அறிக்கை வர இன்னும் ஒரு மாதம் என்று ஆனால், அந்த மூன்று மாதமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

சரி, குழந்தையிடமிருந்து தொடங்குவோம்.

வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தைக்கு ஆரம்ப மருத்துவப் பரிசோதனை செய்ய ஃபுளோரிடாவில் நீதிமன்ற அனுமதி தேவையில்லை. பெற்றோரின் கையெழுத்தும் தேவையில்லை. காயம் இருக்கிறதா, நோய் இருக்கிறதா, தொற்று இருக்கிறதா, தடுப்பூசி போட வேண்டுமா என்று பார்ப்பதோடு அந்த அதிகாரம் நின்றுவிடுகிறது. பார்ப்பது வேறு, சிகிச்சை தருவது வேறு. சிகிச்சை என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உடனே செய்யாவிட்டால் ஆபத்து என்ற அவசரநிலைக்கு மட்டும் விலக்கு. பிள்ளை அரசின் கையில் இருந்தாலும், அதன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பெற்றோரிடமிருந்து ஒரேயடியாகப் பறிபோவதில்லை. பல பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை. பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள், இனி நம்மிடம் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

துன்புறுத்தல் சந்தேகம் என்றால் பரிசோதனை இன்னும் ஆழமாகப் போகும். 1978 முதல் ஃபுளோரிடாவில் இதற்கென மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்த குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள் இயங்குகின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் உடம்பு முழுவதும் எலும்புகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். புதிய எலும்பு முறிவுகள் முதல் படத்தில் தெரியாமல் போகலாம். ஆறத் தொடங்கும்போதுதான் துலக்கமாகத் தெரியும் என்பதால் சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். எலும்பு எளிதில் உடையும் பிறவி நோய் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழந்தைத் துன்புறுத்தல் மருத்துவம் அமெரிக்காவில் தனிச் சிறப்புத் துறையாகவே வளர்ந்துவிட்டது. முதல் சான்றிதழ்த் தேர்வு 2009-ல் நடந்தது.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிறக்கும்போதே முதுகின் கீழ்ப்பகுதியிலும் புட்டத்திலும் நீலம் கலந்த சாம்பல் நிறத் திட்டுகள் சில குழந்தைகளுக்கு இருக்கும். தெற்காசிய, ஆப்பிரிக்க, கிழக்காசியக் குழந்தைகளிடம் இது சாதாரணம். வலி கிடையாது, சில வருடங்களில் தானாக மங்கிவிடும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது அடிபட்ட கன்றல் மாதிரித் தெரியும். கன்றல் சில நாட்களில் நிறம் மாறி மறையும், இந்தத் திட்டு அப்படியே இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். பிறந்த மருத்துவமனைக் குறிப்பிலேயே இதை எழுதிவைக்கச் சொல்லிக் குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வெளிநாட்டில் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்கள் அந்த ஒரு குறிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தையின் மனநல மதிப்பீட்டுக்கும் நீதிபதி உத்தரவிடலாம். மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பலாம், கல்வித் தேவையை அறியப் பள்ளி வாரியத்தின் குழுவிடம் அனுப்பலாம், வளர்ச்சிக் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதற்கான குழுவிடம் அனுப்பலாம். இதுவரை பெரிய சர்ச்சை இல்லை. சர்ச்சை மருந்தில் வந்தது. 2009 ஏப்ரலில் தெற்கு ஃபுளோரிடாவில் அரசுப் பராமரிப்பில் இருந்த 7 வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுக்கு மனநோய் மருந்துகள் எழுதித் தரப்பட்டிருந்தன. மாநில அரசு குழு அமைத்து ஆராய்ந்தபோது, சட்டம் சொல்லும் சம்மத நடைமுறை அவன் விஷயத்தில் பின்பற்றப்படவில்லை என்று தெரிய வந்தது. பெற்றோர் விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவரின் அறிக்கையோடு நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. வளர்ப்புப் பெற்றோரோ கேஸ் பணியாளரோ அந்தச் சம்மதத்தைத் தர முடியாது. காகிதத்தில் இருந்த பாதுகாப்பு ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் அருகில்கூட வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பூட்டிய மனநல இல்லத்தில் குழந்தையை வைப்பதற்கு இன்னும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. முதலில் ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ குழந்தையை நேரில் பார்த்து, இதைவிடக் குறைந்த கட்டுப்பாடுள்ள இடம் போதாது என்று எழுத வேண்டும். அவருக்கு இந்தத் துறையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும். சிகிச்சை இல்லங்களோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 2000-ல் ஒரு வழக்கில் இதை விரிவாகப் பார்த்தது. அதன் தொடர்ச்சியாக வந்த விதி, அங்கே அனுப்பப்படுவதை எதிர்க்கும் குழந்தைக்கு விசாரணையையும் வழக்கறிஞரையும் உறுதி செய்தது. குழந்தையின் குரல் தனியாகக் கேட்கப்பட வேண்டும் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம்.

இனி பெற்றோர். சிக்கல் முழுவதும் இங்கேதான்.

குழந்தை அரசின் பாதுகாப்பில் இருக்கிறது, அதனால் அதைப் பரிசோதிக்க அரசுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. பெற்றோர் சுதந்திரமான மனிதர்கள். அவர்கள் ரத்தத்தையும் சிறுநீரையும் மனதையும் சோதிக்க நீதிமன்றத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது? ஃபுளோரிடா விதி இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. ஒன்று, அந்த நபரின் உடல்நிலையோ மனநிலையோ வழக்கில் உண்மையாகவே விவாதத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். இரண்டு, பரிசோதனைக்குத் தகுந்த காரணம் காட்டப்பட வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். பெற்றோர் விசாரணை கேட்டு எதிர்க்கலாம். உத்தரவில் நேரம், இடம், முறை, நிபந்தனை, எல்லை, செய்பவர் யார் என்பதெல்லாம் குறிப்பிடப்பட வேண்டும். குழந்தையின் பொறுப்பைக் கேட்டு வரும் பாட்டி, சித்தி போன்றவர்களுக்கும் இதே விதிதான்.

இந்தச் சொற்கள் குழந்தை வழக்குகளுக்காகப் புதிதாக எழுதப்பட்டவை இல்லை. சாதாரண நஷ்ட ஈட்டு வழக்குகளுக்கான கூட்டாட்சி விதி 35-லும் இதே இரண்டு நிபந்தனைகள்தான். அவற்றின் பொருளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-ல் ஸ்லாகன்ஹாஃப் எதிர் ஹோல்டர் வழக்கில் விளக்கியது. இண்டியானாவில் ஒரு கிரேஹவுண்ட் பேருந்து முன்னால் போன டிரெய்லர் லாரியின் பின்பக்கம் மோதியது. லாரித் தரப்பு, ஓட்டுநர் உடலாலும் மனதாலும் பேருந்து ஓட்டத் தகுதியற்றவர் என்று சொல்லி, பொது மருத்துவம், கண், நரம்பு, மனநலம் என்று நான்கு துறைகளிலும் அவரைப் பரிசோதிக்கக் கேட்டது. கீழ் நீதிமன்றம் ஒன்பது பரிசோதனைகளுக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. மனுவில் ஒரு குற்றச்சாட்டை எழுதிவிட்டால் போதாது, வழக்குக்குத் தொடர்புடையது என்பதும் போதாது. கேட்கப்படும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாக ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. அந்த ஓட்டுநர் விஷயத்தில் கண் பரிசோதனைக்கு மட்டும் ஓரளவு அடிப்படை இருந்திருக்கலாம். முன்னால் போன வண்டியின் விளக்குகளை மற்றவர்கள் வெகு தூரத்திலிருந்தே பார்த்திருந்தார்கள். மனநலப் பரிசோதனைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

இதைக் குழந்தை வழக்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். வீடு அழுக்காக இருந்தது, பிள்ளை மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது புகார். தாய்க்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இந்த நிலையில் உளவியல் மதிப்பீடு கேட்டால், எந்த ஆதாரத்தின் மேல் என்று நீதிபதி திருப்பிக் கேட்க வேண்டும். மாறாகத் தாய் நாட்கணக்கில் தூங்கவில்லை, யாரோ தன் உணவில் விஷம் வைக்கிறார்கள் என்று நம்பிக் குழந்தைக்குச் சாப்பாடு தரவில்லை என்று அக்கம்பக்கத்தவர் சாட்சி சொன்னால் காரணம் தெளிவாக இருக்கிறது. பரிசோதிக்க வேண்டும், சீக்கிரமாகவும் பரிசோதிக்க வேண்டும். இரண்டு தாய்களுக்கும் ஒரே வரியில் ஒரே உத்தரவு போடுவதைத்தான் விதி தடுக்கிறது.

பரிசோதனை நடந்து முடிந்துவிட்டால் அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. சொன்னது சொன்னதுதான். அதனால் இதில் மட்டும் வழக்கு முடியும்வரை காத்திராமல் உடனே மேல் நீதிமன்றத்துக்குப் போகப் பெற்றோருக்கு வழி உண்டு. நோட்டீஸ் இல்லாத, காரணம் காட்டாத, எல்லை வகுக்காத உத்தரவுகளை மேல் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன.

எப்போது கேட்கலாம் என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போவதில்லை. ஃபுளோரிடாவில் முதல் மனு தாக்கலான பிறகு எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1994-ல் வேறு மாதிரி சொன்னது: குற்றச்சாட்டு நிரூபிக்கப்படும் முன்பே, அதை நிரூபிக்க ஆதாரம் தேடுவதற்காகத் தாயை மனநலப் பரிசோதனைக்கு அனுப்புவது தவறு. தாய் தன் மனநிலையைத் தானே வழக்கில் கொண்டுவரவில்லை. அரசு குற்றம் சாட்டியதாலேயே அது விவாதப் பொருளாகிவிடாது. எனக்குக் கலிஃபோர்னியா வழிதான் நியாயமாகப் படுகிறது. அரசுதான் தன் வழக்கை நிரூபிக்க வேண்டும். அதற்கான ஆதாரத்தைத் தாயின் மனதுக்குள் போய்த் தேடக் கூடாது. அதே சமயம், குழந்தைக்கு உடனடி ஆபத்து இருக்கும் வழக்கில் காத்திருப்பது குழந்தையையும் தாயையும் சேர்த்தே பாதிக்கும் என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நோயுள்ள தாய்க்குச் சிகிச்சை இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால் பிள்ளையும் இரண்டு மாதம் முன்னால் வீட்டுக்கு வரலாம்.

விதி இவ்வளவு கவனமாக இருந்தும் நடைமுறை அந்த வழியில் போவதில்லை. பெரும்பாலான மதிப்பீடுகள் எதிர்த்து வாதாடி வந்த உத்தரவில் பிறப்பதில்லை. கேஸ் பிளானில் ஒரு வேலையாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பெற்றோர் வகுப்பு, போதைப் பரிசோதனை, உளவியல் மதிப்பீடு, நிலையான வீடு, நிலையான வருமானம் என்று பட்டியல் நீள்கிறது. பிள்ளையைப் பிரிந்து தவிக்கும் தாய் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். மறுத்தால் ஒத்துழைக்காதவர் என்ற பெயர் வரும் என்று பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவை மீறினால் அவமதிப்பு ஆகும், கேஸ் பிளானை முடிக்காதது பின்னால் உரிமை ரத்துக்கான காரணமாகவும் வரும். வழக்கறிஞர்களும் பல நேரம் இதை எதிர்ப்பதில்லை. எதிர்த்து ஒரு மாதம் போவதைவிட முடித்துவிட்டுப் பிள்ளையை வாங்குவது மேல் என்று கணக்குப் போடுகிறார்கள். சில வழக்குகளில் அது சரியான கணக்கு. அறிக்கை எதிராக வந்துவிட்டால் மட்டும் அதிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

கையெழுத்துப் போடும் பெற்றோர் அறிய வேண்டியது, அந்த அறையில் ரகசியம் எதுவும் இல்லை என்பது. மருத்துவரிடம் சொல்வது மருத்துவரோடு இருக்கும் என்றுதான் எல்லோரும் பழகியிருக்கிறோம். நீதிமன்ற மதிப்பீட்டில் அப்படி இல்லை. சொல்வதெல்லாம் அறிக்கையில் வரும், அறிக்கையை நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பும் படிப்பார்கள். குழந்தைத் துன்புறுத்தல் விஷயத்தில் மருத்துவர்-நோயாளி ரகசியத்தையே ஃபுளோரிடா சட்டம் எடுத்துவிட்டது; வழக்கறிஞரிடமும் மதகுருவிடமும் சொன்னதற்குத்தான் பாதுகாப்பு மிச்சம். அதே சம்பவத்தில் கிரிமினல் வழக்கும் நடக்கிறது என்றால் ஆபத்து இரட்டிப்பாகும். சிகிச்சை உதவ வேண்டுமென்றால் மனம் திறந்து பேச வேண்டும். பேசினால் அது போலீசுக்குப் போகலாம். கலிஃபோர்னியா இதில் ஒரு பகுதியைச் சரிசெய்திருக்கிறது: குழந்தை வழக்கில் பெற்றோர் தரும் சாட்சியத்தை வேறு வழக்கில் அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

அறைக்குள் என்ன நடக்கிறது? பொதுவாக ஒரு நேர்காணல், பழைய ஆவணங்கள், சில உளவியல் சோதனைகள். பரவலாகப் பயன்பட்டுவரும் எம்எம்பிஐ-2 சோதனையில் 567 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மை, பொய் என்று பதில் குறிக்க வேண்டும். பதில் சொல்பவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளப் பார்க்கிறாரா என்று அளக்கவும் அதற்குள்ளேயே அளவுகோல்கள் உண்டு. பிள்ளை பறிபோகும் பயத்தில் இருப்பவர் தன்னை நல்லவராகக் காட்டாமல் வேறென்ன செய்வார்? இப்படிப்பட்ட வழக்குகளில் பெற்றோரின் அந்த மதிப்பெண் சராசரியைவிட உயர்ந்தே இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். கவனமுள்ள உளவியலாளர் அதைச் சூழ்நிலையோடு சேர்த்துப் படிப்பார். அவசரக்காரர் 'உண்மையை மறைக்கும் இயல்பு' என்று எழுதிவிடுவார். அந்த மூன்று சொற்கள் வழக்கு முடியும்வரை ஒவ்வொரு விசாரணையிலும் வாசிக்கப்படும்.

இன்னொன்று, இந்தச் சோதனைகள் ஆளுமையையும் மனநோய் அறிகுறிகளையும் அளக்க உருவானவை. ஒருவர் நல்ல தாயா என்பதை அளக்க உருவானவை இல்லை. நள்ளிரவில் காய்ச்சலில் அழும் பிள்ளையை அவர் எப்படித் தூக்குவார் என்று 567 பதில்களில் எதுவும் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் வீட்டில், ஒரு முறைக்கு மேல். சிகாகோ நீதிமன்றத்துக்கு வந்த 190 மதிப்பீட்டு அறிக்கைகளை ஆராய்ந்து 2001-ல் வெளியான ஆய்வு கண்டது இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் ஒரே சந்திப்பில் முடிந்த மதிப்பீடுகள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அபூர்வம். பெற்றோரைத் தவிர வேறு இடங்களிலிருந்து திரட்டிய தகவல் குறைவு. பலவீனங்கள் விரிவாக இருந்தன, பலங்களுக்கு இடம் சிறியது, பிள்ளையை வளர்க்கும் திறன் பற்றிப் பல அறிக்கைகளில் பேச்சே இல்லை. இரண்டு வருடம் முன்புதான், 1999-ல், அமெரிக்க உளவியல் சங்கம் இவ்வகை மதிப்பீடுகளுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. பல வழிகளில் தகவல் திரட்ட வேண்டும், நேரில் பார்க்காதவரைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது, ஒருவருக்குச் சிகிச்சை தருபவரே அவரை நீதிமன்றத்துக்காக மதிப்பிடக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. பின்னர் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள்.

மொழி ஒரு தனிப் பிரச்சினை. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாயை மொழிபெயர்ப்பாளர் வழியாக நேர்காணல் செய்யலாம். ஆனால் ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்களின் சராசரியை வைத்து அளவிடப்பட்ட சோதனையை அந்த இடத்திலேயே வாய்மொழியாக மொழிபெயர்த்துக் கொடுத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. எனக்குள் சாமி வந்தது, செத்துப்போன அம்மா கனவில் வந்து பேசினாள் என்று நம் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பழக்கமில்லாத ஒருவர் அதைக் குறிப்பெடுக்கும்போது அது அறிகுறியாகிவிடும்.

நோயின் பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, அறிவுத்திறன் குறைபாடு. அதனால் மட்டும் பிள்ளையை எடுத்துவிடலாமா? முடியாது என்றே நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நோய்க்கும் குழந்தைக்கு வரும் தீங்குக்கும் இடையே தொடர்பு காட்டப்பட வேண்டும். 2005-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது இதனால்தான். பெற்றோரின் மனநலப் பிரச்சினையும் தாயின் கஞ்சாப் பழக்கமும் பதிவில் இருந்தன. குழந்தையோ ஆரோக்கியமாக, நன்றாகக் கவனிக்கப்பட்டு இருந்தது. பெற்றோரின் பிரச்சினையால் குழந்தைக்கு இன்ன ஆபத்து என்று காட்ட அரசால் முடியவில்லை. தாயோ தந்தையோ மனநிலைக் குறைபாட்டால் எந்த உதவியையும் பயன்படுத்திக்கொள்ள முடியாதவர் என்று சொல்லி, சேர்த்துவைக்கும் முயற்சியையே நிறுத்த வேண்டுமானால், அதே மாநிலத்தில் இரண்டு நிபுணர்களின் சான்று வேண்டும்.

மாசசூசெட்ஸில் நடந்தது இன்னும் கனமானது. வளர்ச்சிக் குறைபாடுள்ள 19 வயதுத் தாய் ஒருவரிடமிருந்து, பிறந்து இரண்டு நாளான குழந்தையை 2012-ல் மருத்துவமனையிலேயே எடுத்துக்கொண்டார்கள். உதவ அவருடைய பெற்றோர் தயாராக இருந்தார்கள். 2015 ஜனவரியில் கூட்டாட்சி நீதித் துறையும் சுகாதாரத் துறையும் விசாரணை முடித்து, மாநிலத் துறை மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறியது என்று அறிவித்தன. அவரைத் தனிமனிதராக எடைபோடாமல் குறைபாடு பற்றிய பொதுவான எண்ணங்களை வைத்து முடிவெடுத்தார்கள், கிடைத்திருக்க வேண்டிய உதவிகளைத் தரவில்லை என்பது அந்தக் கண்டறிதல். அதற்குள் இரண்டு வருடம் போயிருந்தது. அந்த இரண்டு வருடத்தில்தான் ஒரு குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவும் நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மதிப்பீடே இல்லாமல் நடந்த வழக்குகளில் நீதிபதி எதை நம்புவார்? விசாரணை அதிகாரியின் ஒரு மணி நேரப் பார்வையை. நல்ல மதிப்பீடு பெற்றோரைக் காப்பாற்றும். சோம்பேறி என்று எழுதப்பட்ட தாய்க்கு உண்மையில் பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வு என்று சொல்லும். வாக்குறுதி கொடுத்து மறந்துவிடுகிறார் என்று குறை சொல்லப்பட்ட தந்தைக்குப் படிக்கத் தெரியாது, தேதியை வாயால் சொல்லுங்கள் என்று சொல்லும். அந்த ஒரு தகவல் ஆறு மாத வீண் அலைச்சலைத் தவிர்க்கும். குழந்தையையும் காப்பாற்றும், ஆபத்து உண்மையானது என்று தெளிவாகச் சொல்லப்படும்போது நீதிபதி தயங்காமல் முடிவெடுக்க முடியும்.

இதெல்லாம் கேள்வியைப் பொறுத்தது. "உளவியல் மதிப்பீடு செய்க" என்று அனுப்பினால் உளவியலாளர் தனக்குத் தெரிந்த எல்லாச் சோதனையையும் செய்து, கிடைக்கும் எல்லாக் குறையையும் எழுதுவார். அவர் மேலும் தப்பில்லை, அவரிடம் வேறு எதுவும் கேட்கப்படவில்லை. "இந்தத் தாய்க்கு மார்ச் மாதம் வந்த மனநோய்ப் பாதிப்பு திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு? வரும்போது முன்கூட்டியே தெரியும் அடையாளம் என்ன? அப்போது நான்கு வயதுப் பிள்ளையைப் பாதுகாக்க வீட்டில் என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று உத்தரவில் எழுதி அனுப்பினால் பதிலும் அதற்குத்தான் வரும். அந்தப் பதிலை வைத்து ஒரு திட்டம் போடலாம். தாயின் வழக்கறிஞர் உத்தரவு எழுதப்படும்போதே இந்தக் கேள்விகளைத் தர வேண்டும். எந்தச் சோதனைகள், எந்த மொழியில், பிள்ளையோடு சேர்த்துப் பார்ப்பார்களா, அறிக்கை யார் யாருக்குப் போகும், கிரிமினல் வழக்கில் பயன்படுமா, எத்தனை நாளில் வரும், செலவு யாருடையது என்று அங்கேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். "எல்லாப் பரிந்துரைகளையும் பின்பற்ற வேண்டும்" என்ற வரியை எதிர்க்க வேண்டும். பரிந்துரை வந்த பிறகு நீதிபதி பார்த்து, வழக்குக்குத் தொடர்புள்ளதை மட்டும் உத்தரவாக்கட்டும். சிகிச்சைக்கு உத்தரவிடும் பொறுப்பு நீதிபதியுடையது, அதை முன்கூட்டியே உளவியலாளரிடம் ஒப்படைக்கக் கூடாது.

அறிக்கை வந்த பிறகும் வழி அடைபடுவதில்லை. எழுதியவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்து, தாயை எத்தனை முறை பார்த்தீர்கள், பிள்ளையோடு பார்த்தீர்களா, எந்த ஆவணத்தைப் படித்தீர்கள் என்று கேட்கலாம். தன் தரப்பில் இன்னொரு நிபுணரைக் கொண்டுவரலாம். பெற்றோர் உரிமையை ரத்து செய்ய, சாதாரண சிவில் வழக்கைவிட உயர்ந்த, தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதியில்லாத பெற்றோருக்கு ஒவ்வொரு வழக்கிலும் வழக்கறிஞர் தந்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை என்று அதே நீதிமன்றம் அதற்கு முந்தைய வருடம் சொல்லிவிட்டது. ஆனால் ஃபுளோரிடா உட்படப் பல மாநிலங்கள் தங்கள் சட்டத்திலேயே அந்த உரிமையைத் தந்திருக்கின்றன. முதல் விசாரணையிலேயே அதைக் கேட்டு வாங்கலாம். அறிக்கை பழையதாகிவிட்டால் அதையும் சுட்டிக்காட்டலாம். பிள்ளையை எடுத்த மறுவாரம், அழுது தூக்கமில்லாமல் இருந்த தாயைப் பார்த்து எழுதிய அறிக்கையை, பதினான்கு மாதம் சிகிச்சை எடுத்துத் தேறிய தாய்க்கு எதிராக வாசிக்கும்போது, புதிய மதிப்பீடு கேட்க வழக்கறிஞருக்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.